நடன அறையின் வெள்ளை முகங்கள்

எங்கள் பாடசாலை நடன அறை என்றதும் பரதமும் கும்மியும்தான் பலருக்கு நினைவு வரும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரீச்சர் அங்கே பழக்கிய முகமூடி நடனத்துக்கும் இந்தப் பாடசாலை மலரில் ஒரு பக்கம் வேண்டும். வெளிநாட்டு வார இறுதி வகுப்புகளில் அதைச் செய்ய விரும்புவோருக்காகச் செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரீச்சர் காட்டிய முன்மாதிரி ஜெர்மன் நடனக் கலைஞர் மேரி விக்மன். 1914இல் ஆக்கிய ‘சூனியக்காரி நடன’த்தை 1926இல் அவர் புது வடிவில் ஆடியபோது முகமூடி அணிந்தார். விக்ரர் மகிற்றோ செய்த அந்த முகமூடியில் இருந்தது விக்மனின் சொந்தச் சாயல், பேய்க்கோலத்தில். எஞ்சியுள்ள படத்துண்டில் அவர் பெரும்பாலும் நிலத்தில் இருந்தே ஆடுகிறார். முகம் அசையாது, முழங்காலைப் பற்றும் கைகளில் அவ்வளவு வெறி.

எங்கள் முகமூடிகளும் சொந்த முகத்தில் எடுத்த அச்சுகளே. எலும்பு முறிவுக்குக் கட்டுவதற்கு மருந்தகத்தில் வாங்கும் பிளாஸ்ரர் பான்டேஜை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, மூன்று அடுக்கு போட வேண்டும். ஓரங்களுக்கு இன்னொரு அடுக்கு. அதற்கு முன் புருவம், இமை, தலைமயிர் ஓரம் எல்லாம் வாஸ்லின் தடிப்பாகப் பூசாவிட்டால் கழற்றும்போது மயிரும் சேர்ந்து வரும். மூக்குத் துவாரங்களை ஒருபோதும் மூடக்கூடாது. இறுகும்போது பிளாஸ்ரர் சூடாகும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மூடிய இடத்தில் பயப்படும் பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. கால் மணி நேரத்தில் உள்ளே முகத்தைச் சுளித்து, முன்னால் குனிந்தால் அச்சு கழன்றுவிடும்.

ஒரு நாள் முழுதும் காய்ந்த பின்தான் கண் வெட்டுவது. ஈரத்தில் வெட்டினால் ஓரம் நைந்துபோகும். உட்புறம் இரண்டு தடவை வெள்ளைப் பசை பூசாவிட்டால் வியர்வையில் இளகும். நெற்றியிலும் இரு கன்ன எலும்பிலும் சிறு ஸ்பொஞ்சுத் துண்டு ஒட்டினால் மூச்சுக்கு இடைவெளி கிடைக்கும்.

பயிற்சியின் உயிர் அடுத்த கட்டத்தில் இருந்தது. முகமூடியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு எதிரே இருந்து பார்க்க வேண்டும். மாற்றி அணிவதால் கண் துளையைக் கொஞ்சம் அகலமாக வெட்டுவோம். இருவருக்கும் கண் இடைவெளி ஒன்றாக இராது. தன் முகம் தோழியின் உடலில் நடந்து வருவதைக் காணும் பிள்ளை, “இது நானில்லை” என்றுதான் முதலில் சொல்லும். அதற்குக் காரணமுண்டு. நாம் அறிந்த நம் முகம் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவது. அச்சில் கோணல்கள் மற்றவர் காணும் பக்கத்திலேயே இருக்கும். கண் மூடி எடுத்ததால் நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் முகபாவமும் அதில் கிடையாது.

தோழி அந்த முகத்துக்குரியவளின் நடையை எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) நடந்து காட்டுவாள்: ஒரு தோள் உயர்ந்திருப்பது, பாதம் வெளியே திரும்புவது, யாராவது பார்த்தால் கை பின்னலுக்குப் போவது. சிரித்துச் சமாளிக்க முகம் இல்லாததால் இவையெல்லாம் பெரிதாகத் தெரியும். கேலியாக நடித்தால் ரீச்சர் உடனே நிறுத்துவார். பார்த்ததை மட்டும் செய்ய வேண்டும். பிறகு உரியவள் தன் முகமூடியை வாங்கி, அதே அசைவுகளிலிருந்து முப்பத்திரண்டு அட்சரத்துக்கு நடனம் அமைப்பாள்.

ஆடும்போது முகமூடியைக் கையால் தொடக்கூடாது, தொட்டால் அது வெறும் பிளாஸ்ரர் ஆகிவிடும். நாடியைச் சற்றுத் தாழ்த்தினால் கண்குழியில் நிழல் விழுந்து சோகம் வரும். உயர்த்தினால் முகம் வெளிக்கும். ஜப்பானின் ‘நோ’ என்ற முகமூடி நாடகத்தின் நடிகர்களும் இதையே செய்கிறார்கள். பக்கவாட்டில் முழுதாகத் திரும்பினால் ஓரமும் முகமூடியைக் கட்டிய வாரும் தெரியும். பக்கப் பார்வை இல்லாததால் சுழற்சியில் சமநிலை தவறும், ஆகவே அரைச் சுற்றுகள் மட்டும். மேடை விளிம்புக்கு இரண்டு அடி உள்ளே மெல்லிய கயிற்றை நாடாவால் ஒட்டினால் வெறுங்கால் எல்லையை அறியும்.

கடைசியில் அதே முப்பத்திரண்டு அட்சரத்தை முகமூடி இல்லாமல் ஆட வேண்டும். கூச்சம் மிகுந்தவர்களுக்கு இதுதான் கடினம். முகம் திரும்பவும் சிரிக்கப் பார்க்கும், உடல் சுருங்கும். அந்த இடத்தை ரீச்சர் அவசரப்படுத்த மாட்டார். அடுத்த வகுப்பில் மறுபடி முகமூடியோடு தொடங்குவார்.