சூஃப்யான் ஸ்டீவன்ஸும் எங்கள் அப்பாயியின் ஒப்பாரியும்

போன பங்குனியில் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ரொம்ப இறங்கியிருந்தது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. தண்ணீர் வற்றினால், அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய டவுன் எழும்பி வரும், கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றோடு நிற்கும், ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ப் பார்ப்பார்கள். நான் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போனேன். காதில் அமெரிக்கப் பாடகர் சூஃப்யான் ஸ்டீவன்ஸின் 'கேரி அண்ட் லோவெல்' ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆல்பத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் அப்பாயி பாடிய மாதிரியே இந்த மனுஷனும் பாடுகிறார் என்று அன்றைக்குத்தான் பட்டது. வீட்டுக்கு வந்தும் அந்த நினைப்பு போகவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சூஃப்யான் 1975இல் அமெரிக்காவின் டெட்ராயிட்டில் பிறந்தவர், மிச்சிகன் மாநிலத்தின் வடக்கில் வளர்ந்தவர். சின்ன வயதில் முறைப்படி படித்த வாத்தியம் ஓபோ. பான்ஜோ, கிட்டார், ரெக்கார்டர், டிரம்ஸ் என்று அவர் கைக்கு வந்த மற்றவற்றை எண்ணப் போனால் இருபதைத் தாண்டும். ஓபோ என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். தோட்டத்துத் திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரர் வருவாரே, வாசிக்கத் தொடங்கும் முன்னால் சீவாளியை வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டு, யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அப்புறம் 'கீ' என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்ப்பார், சரியில்லையென்றால் நாதஸ்வரத்தில் நூலில் தொங்குகிற இன்னொரு சீவாளியை எடுத்து மாட்டுவார். ஓபோவும் அதே இனம்தான். இரண்டு நாணல் பட்டைகள் சேர்ந்து அதிர்ந்துதான் அதிலும் சத்தம் வருகிறது. அதை ஊதிப் பழகியவருக்கு மூச்சின் அருமை தெரியும் என்று நினைக்கிறேன். அவர் பாடும்போது குரலை உயர்த்தவே மாட்டார், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலத்தான் பாடுவார்.

கல்லூரிக் காலத்தில் மர்ஸுக்கி என்று ஒரு நாட்டார் ராக் குழுவில் இருந்தார். 2000இல் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த வருஷமே சீன ராசிச் சக்கரத்தை வைத்து முழுக்க முழுக்க மின்னணு இசையில் பாட்டே இல்லாத ஓர் ஆல்பம் போட்டார். நான் அதை இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

2003இல் வந்த 'மிச்சிகன்' வேறு சங்கதி. சொந்த மாநிலத்தின் ஊர்களைப் பெயர் சொல்லிப் பாடிய ஆல்பம். முதல் பாட்டு ஃபிளின்ட் என்ற ஊரைப் பற்றியது, வேலை இல்லாதவர்களுக்கும் கூலி குறைந்தவர்களுக்கும் என்று தலைப்பிலேயே போட்டிருப்பார். ஃபிளின்ட்டில் கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு ஊரே வெறிச்சோடிப்போன கதை ஊரறிந்தது. அதைப் பாட அவருக்குக் கூட்டம் வேண்டியிருக்கவில்லை, ஒரு பியானோ, கொஞ்சம் டிரம்பெட், அவ்வளவுதான். ஒரு நாள் சம்பளமாக 1000 ரூபாய் கேட்டு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற எங்கள் சனம் வருஷக்கணக்காக ரோட்டில் நின்ற காலத்தில்தான் நான் இந்தப் பாட்டைக் கேட்டேன். கோஷம் போடாமல், யாரையும் திட்டாமல், வேலை போன ஓர் ஆள் தன்னோடு பேசிக்கொள்வதை மட்டும் பாட்டாக்கினால் இத்தனை கனமாக இருக்குமா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

2005இல் 'இல்லினாய்' வந்தது, அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். 22 பாட்டுகள், எழுபது நிமிஷத்துக்கு மேல். எட்டு டிராக் பதிவுக் கருவி ஒன்றையும் சாதாரண மைக்குகளையும் வைத்துக்கொண்டு பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்துப் பதிவுசெய்தார். கேட்டால் ஒரு கல்யாண ஊர்வலமே தெருவால் போகிற மாதிரி இருக்கும். அதன் தலைப்புப் பாட்டின் முதல் பாதி ஐந்து எண்ணிக்கையில் ஓடும், பிறகு நான்குக்கு மாறும். தப்பு அடிக்கிற என் சித்தப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிப் பார்த்தவர் மாறுகிற இடத்தில் சரியாக மாறினார், "இவன் ஆட்டக்காரன் காலைப் பார்த்து அடிக்கிறவன்டா" என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு பொருத்தமாக இல்லை.

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் போடப்போவதாக அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டோடு நின்றது. அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று பின்னால் அவரே ஒத்துக்கொண்டார். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. 2010இல் 'தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்' என்று மறுபடி மின்னணு இசைக்குப் போனார், அதன் கடைசிப் பாட்டு மட்டுமே 25 நிமிஷம். எனக்கு அது களைப்பாக இருக்கிறது. ஆனால் அத்தனை சத்தத்தையும் ஒருமுறை கொட்டித் தீர்த்ததால்தான் அடுத்து வந்த ஆல்பத்தில் அவரால் அவ்வளவு அமைதியாக இருக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

அவருடைய அம்மா கேரி, அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே பிரிந்து போனவர். மனநோயோடும் போதைப் பழக்கத்தோடும் போராடியவர். பிறகு லோவெல் என்பவரை மணந்தார், அந்தச் சில வருஷங்களில் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஓரிகன் மாநிலத்துக்குப் போய் அம்மாவோடு இருந்தார்கள். 2012 டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். 2015இல் வந்த 'கேரி அண்ட் லோவெல்' அந்த அம்மாவுக்கான ஒப்பாரி. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருபது வாத்தியம் தெரிந்த ஆள் டிரம்ஸைத் தொடவே இல்லை என்று சொல்லலாம், விரல்களால் மீட்டுகிற தந்திகள்தான் பெரும்பாலும். அம்மா போய்விட்டாளே என்று கதறுவதில்லை. மூன்று நான்கு வயதில் ஒரு வீடியோக் கடையில் அம்மா எங்களை விட்டுவிட்டுப் போனாள் என்கிறார். யூஜீன் என்ற ஊர்ப் பெயரைச் சொல்கிறார், அங்குள்ள ஒரு குன்றின் பெயரைச் சொல்கிறார். நீச்சல் சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் பெயர் வாயில் வராமல் சுபாரு என்று கூப்பிட்டதைச் சொல்கிறார். (எங்கள் அப்பாயியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதி அட்டையில் வேறொரு மாதிரி. அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று அட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.)

அப்பாயியின் தம்பி, தோட்டத்துச் சனத்தில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் வருஷத்து சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர். ஹட்டன் ஸ்டேஷனில் அந்த ரயில் வெளிக்கிடும்போது மேடை முழுக்க அழுகையாக இருக்குமாம், எங்கள் சனம் அதை அழுகைக் கோச்சி என்றுதான் சொல்லும். கூடலூரிலிருந்து கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. அப்பாயி அவருக்காகச் சொந்தமாக ஒரு பாட்டு வைத்திருந்தார். அதில் துக்கம், கவலை, கண்ணீர் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஹட்டன், நாவலப்பிட்டி, பொல்காவலை, மதவாச்சி, தலைமன்னார் என்று ஸ்டேஷன்களின் பெயர்களை வரிசையாக இழுத்துப் பாடுவார். ஒவ்வொரு பெயருக்கும் தம்பி என்ன சாப்பிட்டிருப்பான், யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று ஒரு கேள்வி வரும். தலைமன்னாரில் கப்பலுக்கு முன்னால் பாட்டு நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள ஊர்களை அவர் பார்த்ததில்லை.

2016இல் லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் முன் திண்ணையில் வைத்து அதை என் போனில் பதிவுசெய்தேன். நல்ல மழை. தகரத்தில் மழை அடிக்கிறது, பக்கத்துக் காம்பராவில் டிவி, நடுவில் யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அழவேண்டும்போல இருந்தது, பாழாகிவிட்டது என்று நினைத்தேன். நல்ல நாளாகப் பார்த்து மறுபடி எடுக்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்பாயி 2019இல் போய்விட்டார். அந்தக் கோப்பு மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. 'கேரி அண்ட் லோவெல்' ஆல்பத்தில் சில பகுதிகள் ஓரிகனில் ஒரு ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவானவை. அந்த அறையின் இரைச்சலைப் பாட்டில் கேட்கலாம். ஸ்டுடியோ கிடைக்காத ஆள் இல்லை அவர். அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அன்றைக்கு இரவே அப்பாயியின் பதிவை மறுபடி திறந்தேன்.

அந்த ஆல்பத்துக்கு அப்புறம் 2018இல் சூஃப்யான் ஆஸ்கார் மேடையில் பாடினார், பரிசு வேறு படத்துப் பாட்டுக்குப் போனது. 'இல்லினாய்' ஒரு நடன நாடகமாகி 2024இல் பிராட்வேயில் ஓடியது. 2023தான் அவருக்குக் கொடிய வருஷம். ஏப்ரலில் துணைவரை இழந்தார், பிறகு நரம்பைத் தாக்கும் கியான்-பாரே நோய் வந்து நடக்கவே மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்த ஒக்டோபரில் வந்த 'ஜாவெலின்' ஆல்பத்தை அந்தத் துணைவருக்கே சமர்ப்பித்தார், பெரும்பகுதியை வீட்டிலேயே தனியாக வாசித்துப் பதிந்திருக்கிறார். மெல்லத் தொடங்கி, போகப் போகக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்ளும் பாட்டுகள் அதில் நிறைய. சாவு வீட்டில் ஒருத்தர் ஒப்பாரியைத் தொடங்க மற்றப் பெண்கள் வந்து தோளில் சாய்ந்து சேர்ந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி.

அப்பாயியின் பதிவில் இரைச்சலை நீக்க மென்பொருள் இருக்கிறது என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். முயன்று பார்த்தேன், மழை போனதும் அப்பாயியின் குரல் ஏதோ தெரியாத வீட்டில் இருந்து வருவதுபோல ஆகிவிட்டது. அதை அழித்துவிட்டு மழையோடு இருந்ததையே வைத்துக்கொண்டேன். மதவாச்சி வருகிற இடத்தில் மட்டும் தப்பு மெல்ல உள்ளே வந்தால் எப்படி இருக்கும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். ஒரு வாரமாக மிஸ்ட் விலகவில்லை, தோல் தொய்ந்துபோய் இருக்கிறதாம். நெருப்பில் காய்ச்சினாலும் இந்தக் குளிரில் அரை மணித்தியாலம்கூட நிற்காது, வெயில் வரட்டும் என்றிருக்கிறார்.