பலகையைப் பிடித்திருப்பது எது?

கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் பீரங்கியைத் தேடி ஓடுவார்கள். சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நிற்கும். நான் குனிந்து, கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டைப் பக்கம் போய்விடுவேன். கூட வருகிறவர்களுக்கு இதில் எரிச்சல்தான். கப்பலின் வயிற்றுக்குக் கீழே அரை மணி நேரம் நிற்கிற ஆளோடு யார்தான் ஊர் சுற்றுவார்கள்? ஆனால் பழைய மரக்கப்பலிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: ஒரு பலகையை அடுத்த பலகையோடு பிடித்துவைத்திருப்பது எது?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது ஸ்டாக்ஹோமில் இருக்கும் வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் தூரம் போவதற்குள் கவிழ்ந்த ஸ்வீடன் போர்க்கப்பல். புறப்படுவதற்கு முன்பே முப்பது ஆட்களை மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். மூன்று முறை ஓடியதற்கே கப்பல் ஆபத்தாகச் சாய்ந்ததால் சோதனையை நிறுத்திவிட்டு, கப்பலை மட்டும் நிறுத்தாமல் அனுப்பிவைத்தார்கள்! அரசர் அவசரப்படுத்தினால் அப்படித்தான்.

பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு அங்கே பிழைப்பதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், ஏறக்குறைய முழுக் கப்பலாகவே அதை வெளியே எடுக்க முடிந்தது. காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கலந்து 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவையும் எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள்.

அதற்குப் பிந்தைய கதைதான் எனக்குப் பிடித்தது. 2000ஆம் ஆண்டின் ஈரமான கோடையில் மரத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ பூக்கத் தொடங்கியது. துறைமுகத்தின் அழுக்குத் தண்ணீரிலிருந்து மரம் நூற்றாண்டுக் கணக்கில் கந்தகத்தைக் குடித்திருந்தது. பழைய இரும்பு ஆணிகளோ கரைந்து மரத்துக்குள் ஊறியிருந்தன. காற்று பட்டதும் கந்தகம் கந்தக அமிலமாக மாற, இரும்பு அதை விரைவுபடுத்தியது. கப்பலைப் பிடித்துவைக்க அடித்த ஆணியே கப்பலைத் தின்கிறது. 1960களில் புதிதாகப் போட்ட போல்ட்டுகளும் துருப்பிடித்ததால், 2011 முதல் 2018 வரை 5,000க்கும் மேற்பட்ட போல்ட்டுகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினார்கள். சிங்க முகங்களும் தேவதைச் சிற்பங்களும் மேலே இருக்கின்றன, இருக்கட்டும். கீழ்த்தளத்துக்கு இறங்கி, அந்தக் கறுத்த ஓக் பலகைகளை முகத்துக்கு நேராகப் பாருங்கள்.

டென்மார்க்கின் ராஸ்கில்டேயில் இதற்கு நேர் எதிரான காட்சி. 1070 வாக்கில் எதிரிகள் வராமல் நீர்வழியை அடைக்க வேண்டுமென்றே மூழ்கடித்த ஐந்து வைக்கிங் கப்பல்கள். 1962இல் சுற்றிலும் அணைகட்டித் தண்ணீரை இறைத்து, சேற்றிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள். ஐந்தில் நீளமானது 1042 வாக்கில் டப்ளின் பக்கத்து ஓக் மரத்தில் கட்டப்பட்டது. அதில் எஞ்சியது கால் பங்குதான். மீதியை உலோகச் சட்டத்தில் கோடுபோல வரைந்து காட்டியிருக்கிறார்கள். சட்டென்று பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

வெளியே, படகுத்துறைக்கு வந்தால் ஏமாற்றம் போய்விடும். தார் வாசனை மூக்கில் ஏறும். அங்கே கட்டப்பட்ட புதிய பலகைகளில் ரம்பத்தின் கோடு கிடையாது, கோடரி செதுக்கிய ஆழமில்லாத பள்ளங்கள் மட்டும் வரிசையாக ஓடும். விரலால் தடவினாலே தெரியும். மரத்தை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தால் நார் அறுபடுவதில்லை. அதனால் பலகையை மெல்லியதாகச் செதுக்கலாம், வளைத்தாலும் உடையாது. ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி வைத்து இரும்பு ஆணி அடித்து மடக்கிவிட்டால், அலைக்கு ஏற்ப உடம்பே நெளிகிற கப்பல் கிடைக்கிறது. அந்த நீளமான கப்பலுக்கு இப்படிக் கட்டிய சுமார் 30 மீட்டர் நீள மறுபடைப்பு 2007இல் டப்ளின்வரை பாய்விரித்துப் போய், அடுத்த ஆண்டு திரும்பியும் வந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் மூலத்தைவிட ஓடுகிற நகல் எனக்கு அதிகம் கற்றுத்தருகிறது என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இரும்பே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. சைப்ரஸின் கைரீனியாக் கோட்டையில் இருக்கும் கி.மு. நான்காம் நூற்றாண்டு வணிகக் கப்பலில், பலகை விளிம்பில் துளை வெட்டி, மர நாக்கைச் செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார்கள். பலகைகளாலான வெளிக்கூட்டை முதலில் கட்டிவிட்டு, வங்குகள் என்னும் விலாக்கட்டைகளைப் பிறகுதான் உள்ளே பொருத்தினார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலிலோ ஆணியே இல்லை; முழுவதும் கயிற்றுத் தையல். அதன் சரக்கான சீனப் பீங்கான்கள் சிங்கப்பூரில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் கிண்ணங்களைப் பார்க்கிறார்கள், அவற்றைச் சுமந்த தையலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. தென்னை நார்க் கயிற்றால் தைத்த அதன் மறுபடைப்பு 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் வரை கடலைக் கடந்தது.

ஒரு அருங்காட்சியகத்தில் அருமையான மீன்பிடிப் படகு ஒன்றின் முன்னால் நீளம், அகலம், திறந்துவைத்த பிரமுகரின் பெயர் மட்டும் எழுதியிருந்தார்கள். என்ன மரம், எப்படி இணைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. காவலரிடம் கேட்டதற்கு, தொடாதீர்கள் என்றார்.

தேக்குக் கப்பல்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்வேன். ஓக்கின் அமிலம் இரும்பை அரிக்கும், தேக்கின் எண்ணெயோ அதைக் காக்கும். கப்பல் கட்டும் ஓக் பிரிட்டனில் அரிதானபோது அவர்கள் பம்பாய்க்கு வந்தது சும்மா இல்லை. அங்கே வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் இறக்கிய 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள டாமனில் 1843இல் நீரில் இறக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் 'டோம் பெர்னாண்டோ' 1963இல் தீப்பிடித்து, பல ஆண்டுகள் ஆற்றுச் சேற்றில் கிடந்து, 1990களில் புதுப்பிக்கப்பட்டு, லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் காசில்யாஸில் நிற்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காசில்யாஸ் போங்கள். அது தண்ணீர் வடித்த உலர்துறையில் நிற்பதால் அடிப்பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஹார்ட்டில்பூலில் அந்த வசதி கிடையாது, உள்ளே இறங்கித்தான் வங்குகளைப் பார்க்க வேண்டும். நல்ல கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.