ஹோஸ்ட் என்றால் எந்தக் கணினி?

சிறு கருவிகளுக்குள் லினக்ஸை ஓட்டும் எம்பெடெட் லினக்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு நான் முதலில் பேசுவது பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்ற மூன்று பெயர்களைப் பற்றித்தான். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பற்றியெல்லாம் அப்புறம். லேப்டாப்பில் கம்பைல் செய்து ஆர்ம் வகை ப்ராசஸர் உள்ள சிறு போர்டில் ஓட்டுவதுதான் எங்கள் அன்றாட வேலை. இருப்பவை இரண்டே கணினிகள். ஆனால் எது எந்தப் பெயர் என்பதில் கருவிகளுக்குள் ஒற்றுமை இல்லை.

நிரலைக் கட்டத் தயார்செய்யும் க்னூ ஆட்டோகான்ஃபில், கம்பைல் நடக்கும் இயந்திரம் பில்ட். கம்பைல் ஆன நிரல் ஓடப்போகும் இயந்திரம் ஹோஸ்ட். அதாவது, ஹோஸ்ட்தான் நம் போர்டு. நாம் கட்டுவதே ஒரு கம்பைலராகவோ, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கராகவோ இருந்தால் மட்டும் டார்கெட்டுக்கு வேலை உண்டு: அந்தக் கம்பைலர் எந்த இயந்திரத்துக்கு நிரல் உருவாக்கும் என்பதை அது சொல்லும். மீசான் என்ற பில்ட் கருவியிலும் இதே வழக்கம். சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியிலோ ஹோஸ்ட் என்ற சொல் வரும் மாறிகள் லேப்டாப்பைக் குறிக்கின்றன. ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோவிலும், போர்டுக்கான லினக்ஸைக் கட்டும் பில்ட்ரூட்டிலும் ஹோஸ்ட் லேப்டாப்தான், டார்கெட்தான் போர்டு.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சாதாரண லைப்ரரி ஒன்றின் கான்ஃபிகரில் (ஆட்டோகான்ஃப் உருவாக்கும் ஸ்கிரிப்ட்) டார்கெட் என்று போட்டு ஆர்ம் பெயரைக் கொடுத்தார். ஒரு பிழையும் வரவில்லை, அழகாகக் கட்டி முடித்தது. சாதாரண லைப்ரரிக்கு அந்த ஆப்ஷன் எதையும் மாற்றாது என்பதால், லேப்டாப்புக்கான லைப்ரரிதான் வந்திருந்தது. பிறகு போர்டுக்கான நிரலோடு லிங்க் செய்யும்போது சிக்கியது. போர்டை டார்கெட் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? நாங்கள் எல்லோரும் பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம்!

க்னூ வழக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதும் என் எண்ணம். ஒரு கணினியில் கட்டி, இரண்டாவதில் ஓடி, மூன்றாவதுக்கு நிரல் தரும் கம்பைலரைச் செய்ய மூன்று பெயர் வேண்டும்தான். ஆனால் பெரும்பாலோர் கம்பைலர் கட்டுவதே இல்லை.

ப்ராசஸர் கட்டமைப்புகளின் பெயர்கள் இதைவிட மோசம். லினக்ஸின் மையமான கெர்னல் ஆர்ம்64 என்று சொல்வதை ஜிசிசி கம்பைலர் ஏஆர்ச்64 என்கிறது. ஆர்ம்7 என்பது ஒரு பழைய ப்ராசஸர் வரிசை, ஆர்ம்வீ7 என்பது கட்டளைத் தொகுப்பின் பதிப்பு. ஆர்ம்7டிடிஎம்ஐ என்ற புகழ்பெற்ற ப்ராசஸர் ஆர்ம்வீ4டி வகை!

என்னை மிகவும் வாட்டியது ஆர்ம்ஹெச்எஃப் என்ற 32-பிட் ஆர்ம் வகைப் பெயர். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் அந்தப் பெயருக்கு குறைந்தபட்சம் ஆர்ம்வீ7 ப்ராசஸர் வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான ராஸ்பியனும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அது ஆர்ம்வீ6-க்காகக் கட்டப்பட்டது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையும் அதன்பின் வந்த முதல் பை ஜீரோவும் ஆர்ம்வீ6 என்பதே காரணம். டெபியன் தரும் ஆர்ம்ஹெச்எஃப் டூல்செயினில் (கம்பைலர், லிங்கர் முதலியவற்றின் தொகுப்பு) கட்டிய பைனரி, அதாவது ஓடத் தயாரான கோப்பு, பை 2-இல் நன்றாக ஓடும். முதல் பையில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை) என்று விழும். நம் நிரலை மட்டும் வீ6-க்குக் கட்டச் சொல்லி ஆப்ஷன் கொடுத்தாலும் போதாது. டூல்செயினோடு வரும் தொடக்கக் கோப்புகளும் ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியும் வீ7-க்கானவை, அவையும் பைனரிக்குள் சேர்ந்துவிடும். வீ6-க்கென்றே கட்டிய டூல்செயின் வேண்டும். இது தெரியாமல் தங்கள் நிரலிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

இப்போதெல்லாம் எங்கள் பில்ட் குறிப்புகளில் ஹோஸ்ட், டார்கெட் என்று எழுத விடுவதில்லை. 'லேப்டாப்', 'பை ஜீரோ' என்று பெயர் சொல்லியே எழுதச் சொல்கிறேன். கருவிக்குக் கொடுக்கும் ஆப்ஷனில் மட்டும் அதன் சொந்த வழக்கு வரலாம், பக்கத்தில் அது எந்தக் கணினி என்று ஒரு வரி இருக்க வேண்டும். பில்ட் முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பைனரியையும் அதன் விவரம் காட்டும் ரீட்எல்ஃபில் ஓட்டி, எந்தக் கட்டமைப்புக்கானது என்று பார்க்கிறது. முதல் பைக்கான தொகுப்பில் வீ7 என்று ஒன்று வந்தாலும் பில்ட் அங்கேயே நின்றுவிடும்.