காட்டிலிருந்து வந்த பல்லிக்கு ஜோடி தேடும் முன்

காட்டில் பிடித்த டோக்கே (ஆசியாவின் பெரிய பல்லி இனம்) கைக்கு வந்ததும் பலர் தேடுவது ஜோடியைத்தான். என்ன அவசரம்? வரும்போதே அது நீர் வற்றி, பெரும்பாலும் குடற்புழுக்களோடு, மிரண்டுபோய் இருக்கும். தனிப்பெட்டி, ஒளிய மரப்பட்டை, இரவில் இலைமேல் தண்ணீர்த் தெளிப்பு. கிண்ணத்தைப் பல பல்லிகள் கண்டுகொள்வதே இல்லை, துளியைத்தான் நக்கும். எச்சத்தை மருத்துவரிடம் பரிசோதிக்காமல் இன்னொன்றோடு சேர்க்காதீர்கள். தொட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், கடித்தால் லேசில் விடாது!

அப்புறம், தனியாக இருக்கும் பெண் பல்லி முட்டையிட்டால் குழம்பாதீர்கள். காட்டிலேயே இணைசேர்ந்திருக்கும். முட்டை சுவரோடு ஒட்டியிருக்கும், பெயர்த்தால் ஓடு உடையும். அப்படியே விட்டு, மேலே காற்றுத்துளையுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டிவிடுங்கள். பெட்டியில் பிறந்த குஞ்சுகளை வளர்ப்பது எவ்வளவோ சுலபம். 2019 முதல் டோக்கே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆவணமில்லாமல் வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்காதீர்கள்.