அந்த 97 எப்போது வந்தது?

"சார், இந்த 97 இப்போ உள்ளதுதானே?" என்று சிஸ்டர் கேட்டார். "ஆமாம் சிஸ்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

படுக்கையருகே இருந்த மானிட்டரில் ஆக்சிஜன் அளவு வரும் இடத்தில் வெறும் கோடு. விரல் சென்சார் கழன்று போர்வைக்குள் கிடந்தது. மானிட்டரின் அளவுகளைக் கணினித் திரையில் காட்ட நான் நிரல் எழுதிய பக்கத்தில் மட்டும் 97 அப்படியே நின்றது. சிஸ்டர்தான் அதைக் கவனித்துச் சென்சாரை மாட்டினார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் அமைப்பில், மானிட்டரின் அளவுகளை என் நிரலுக்குக் கடத்தும் கேட்வே நிமிடத்துக்கு ஒரு எச்எல்7 செய்தி (மருத்துவத் தகவலைப் பரிமாறும் பொது வடிவம்) அனுப்பும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஓபிஎக்ஸ் வரி, 150456 என்ற குறியீடு வந்தால் அது ஆக்சிஜன். சென்சார் கழன்றாலும் அந்த வரி வந்துவிடும், ஆனால் அந்த வரியில் மதிப்பு இருக்க வேண்டிய 5ஆவது புலம், அதாவது 5ஆவது கட்டம், காலியாக இருக்கும், 11ஆவது புலத்தில் 'எக்ஸ்' என்று இருக்கும். அளவு கிடைக்கவில்லை என்று அர்த்தம். மானிட்டர் தெளிவாகத்தான் சொன்னது. காலியாக வந்தால் கடைசி மதிப்பையே காட்டு என்று எழுதியவன் நான்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் வடிவத்தில் காலிப் புலத்தை எண்ணாக மாற்றியபோது 0 என்று விழுந்து எல்லோரும் பதறினார்கள். அதை வெற்றிடமாக விட்டேன், நோயாளி கையை அசைக்கும்போதெல்லாம் எண் மறைந்ததால் சிஸ்டம் தொங்குகிறது என்று புகார் வந்தது. அப்புறம்தான் இந்த வழி. தவிர, எச்சரிக்கை ஒலி மானிட்டரின் வேலை, என் பக்கம் பார்வைக்கு மட்டும் என்று ஆவணத்தில் எழுதியும் இருக்கிறது. ஆனால் சிஸ்டர் ஆவணத்தைப் படித்துவிட்டா கேட்டார்? பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார்.

அன்று இரவே மாற்றினேன். இப்போது பழைய எண் சாம்பல் நிறத்தில், அளந்த நேரத்தோடு வருகிறது. சாம்பல் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள், அதுவும் உண்மைதான்.

திரையைச் சரிசெய்துவிடலாம். டேட்டாபேஸ்தான் உறுத்துகிறது, நிரப்பிய கடைசி மதிப்பே அதிலும் போய்ச் சேர்ந்தது. அளந்த நேரம் 14ஆவது புலத்தில் வரும், அதுவும் காலியாக இருந்தால் செய்தி வந்த நேரத்தையே போட்டுச் சேமித்திருந்தேன். அதனால் இந்த வழி ஓடிய மாதங்களின் பதிவில், சென்சார் விரலில் இல்லாத நிமிடங்களிலும் 97, 97 என்று நேரத்தோடு வரிசையாக இருக்கிறது. மூலச் செய்திகளை நாங்கள் சேமித்து வைக்கவில்லை. எது மானிட்டர் அளந்தது, எது நான் நிரப்பியது என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியவில்லை.