சிட்ரியா, மைனரா?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், கொய்யா இலைகளின் அடிப்பக்கம் முழுக்க மாவுப்பூச்சி அப்பியிருந்தது. நான் எடுத்த படத்தைப் பார்த்த ஒருவர், அது பிளானோகோகஸ் சிட்ரி என்ற இனம் என்றார். இன்னொருவர் பிளானோகோகஸ் மைனர் என்றார். இருவருமே பூச்சிகளோடு பல காலம் பழகியவர்கள்.

"பேர் எதுவானால் என்ன தம்பி, சோப்புத் தண்ணீர் அடித்தால் போய்விடாதா?" என்று கேட்டார் தோட்டத்துப் பெரியம்மா. அவருக்கு மரவள்ளிக் கதையைச் சொன்னேன். 1970களில் ஆப்பிரிக்க மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி சூறையாடியது. தென்னமெரிக்காவின் வடபகுதி மரவள்ளியில் இருந்ததும் அதே பூச்சி என்று நம்பி, அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை அங்கே தேடினார்கள். அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. ஏனென்றால் அது வேறு இனம். சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்த பிறகுதான் அதை அடக்கிய குளவியும் கிடைத்தது. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளி தின்று வளர்ந்த பெரியம்மா அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

நண்பரின் ஆய்வுக்கூடத்தில் சனிக்கிழமைகளில் இடம் கிடைத்தது. வளர்ந்த பெண் பூச்சி மட்டும்தான் உதவும். சிறகு முளைத்த ஆணை வைத்து இனம் பிரிப்பது கடினம். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத உடலில் ஊசியால் சிறு கீறல் போட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். முதல் நான்கும் கிழிந்துபோயின. ஐந்தாவது, ஃபுக்சின் சாயமும் கிராம்பு எண்ணெயும் கண்டபின், நுண்ணோக்கியின் கீழ் ரோஜா நிறத்தில் கண்ணாடிபோல் விரிந்தது. அந்தச் சில நொடிகள் மூச்சுவிட மறந்தேன்.

பிறகுதான் உண்மையான சிக்கல். மாவுப்பூச்சி ஆய்வாளர் ஜெனிபர் காக்ஸ் 1981இல் பிளானோகோகஸ் பசிஃபிகஸ் என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். 1989இல் அவரே அது மாஸ்கெல் 1897இல் விவரித்த மைனர்தான் என்று தன் பெயரை விலக்கிக்கொண்டார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மாவுப்பூச்சிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, சூழலுக்கேற்ப உடற்கூறே மாறுவதை 1983இல் காட்டியவரும் அவர்தான். அதனால்தான் சிட்ரியையும் மைனரையும் பிரிக்க ஒரே அடையாளத்தை நம்பாமல் ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொன்னார்: மெழுகு சுரக்கும் நுண்ணிய குழல் சுரப்பிகள், பல அறைகள் கொண்ட பல்லறைத் துளைகள், பின்னங்கால் பகுதிகளின் நீள விகிதம் என்று.

குழல் சுரப்பிகளை எண்ணியே என் கண் பூத்துப்போனது. ஒரே இலையிலிருந்து எடுத்த மூன்றில் இரண்டு மைனர் பக்கம் விழுந்தன. மூன்றாவது சரியாக எல்லையில் நின்றது. அதற்கும் மைனர் என்றே எழுதச் சொன்னார் நண்பர். நான் 'பிளானோகோகஸ்' என்பதோடு நிறுத்திவிட்டேன். மரபணுவைக் கேட்காமல் அதற்கு மேல் எழுத என் கை வரவில்லை. அதே கிளையில் புதிதாகப் பிடித்த பத்துப் பூச்சிகள் இப்போது ஆல்கஹாலில், உறைபெட்டியில் இருக்கின்றன.