மகஜரில் இருந்த இனிப்புப் பெட்டி

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைக்கு அருகே உள்ள தேநீர்க் கடையில் வைத்து, ஸ்ரீராம்புரத்து இளம் நண்பர் ஒருவர் 112 பக்கத் திரைக்கதை ஒன்றை என்னிடம் கொடுத்தார். கள்ளத்துப்பாக்கிக் கடத்தலைப் பற்றிய படம். மொத்தச் செலவு 35 லட்சம் ரூபாய்க்குள் முடிந்தாக வேண்டும். தாய்மாமன் ஓசூர்ப் பக்கம் மனை விற்ற பணமும், கூடப் படித்த மூவரின் சேமிப்பும்தான் முதலீடு. நான் பெங்களூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வழக்கறிஞரிடம் 22 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன். ஆயுதச் சட்ட வழக்குகளின் கன்னடக் குற்றப்பத்திரிகைகளைப் படித்து, தமிழ்க் கட்சிக்காரர்களின் வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. “எங்க பொய்யா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

முதல் 20 பக்கங்களிலேயே பொய் தொடங்கிவிட்டது. நள்ளிரவுத் துறைமுகம், கன்டெய்னர் லாரி, அதற்குள் வரிசையாக ஏ.கே. 47 துப்பாக்கிகள், பணப்பெட்டியோடு கறுப்புக் கண்ணாடிக்காரன். கடல்வழியாக ஆயுதம் வந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளுக்கு முன்பு மகாராஷ்டிரத்தின் ராய்கட் கரையில் ஆயுதங்கள் இறங்கின. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்துப் புருலியாவில் விமானத்திலிருந்தே பெட்டி பெட்டியாகப் போட்டார்கள். ஆனால் நான் புரட்டிய குற்றப்பத்திரிகைகளில் கன்டெய்னர் ஒன்றுகூட வந்ததில்லை. ஒரு மகஜர், அதாவது பேருந்தில் வந்த பையன் ஒருவனிடம் காவல்துறை கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், மட்டும் இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது: கைத்துப்பாக்கி ஒன்று, தோட்டா அடுக்கும் மேகசின் இரண்டு, சுடப்படாத தோட்டா ஆறு, பழைய சட்டை இரண்டு, பேருந்துச் சீட்டு ஒன்று, இனிப்புப் பெட்டி ஒன்று. சுடப்படாத தோட்டாவைக் கன்னடத்தில் ‘சஜீவ குண்டு’ என்று எழுதுவார்கள். உயிரோடு இருக்கும் குண்டு என்ற அந்தச் சொல் எனக்கு எப்போதும் சற்றே அச்சம் தருவது.

அடுத்த சிக்கல் ‘நாட்டுத்துப்பாக்கி’ என்ற சொல்லால் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவது, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்கிராமங்களில் காட்டுப்பன்றிக்காக வைத்திருக்கும், மருந்து கிட்டித்துச் சுடும் நீளக்குழல் துப்பாக்கி. நண்பரின் கதாநாயகனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். நகரத்துக் கொலைகளில் அடிபடும் வடநாட்டுச் சரக்கு வேறு. ஒன்று ‘கட்டா’: ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடும் குட்டைக் கருவி, அதன் குழல் அளவு பெரும்பாலும் 315 ‘போர்’ (bore) அல்லது 12 ‘போர்’. மற்றது 7.65 மி.மீ. கைத்துப்பாக்கி. மேகசின் செருகிச் சுடும் அது பார்ப்பதற்குத் தொழிற்சாலைப் பொருளைப் போலவே இருக்கும். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற பொய் முத்திரையைக்கூடச் சிலவற்றில் குத்தியிருப்பார்கள். இத்தகைய கைத்துப்பாக்கிகளுக்குப் பேர்போனவை மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், பர்வானி பகுதிகளும் பீகாரின் முங்கேரும்.

முங்கேரை மட்டும் தனிப் படமாக எடுக்கலாம். வங்காள நவாப் மீர் காசிம் 1760களில் தம் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து அங்கே மாற்றி ஆயுதச்சாலை அமைத்த காலத்திலிருந்து வரும் கைத்திறன் அது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைகள் சுதந்திரத்துக்குப் பின்னும் அங்கே இயங்கின. அவற்றில் வேலை குறையக் குறைய, தொழில் தெரிந்த கைகள் கள்ளப் பட்டறைகளுக்கு நகர்ந்தன. நண்பர் அவ்வளவு ஆசைப்பட்ட ஏ.கே. 47 கூட இந்தக் கதையில் உண்டு, ஆனால் துறைமுகத்தில் இல்லை. 2018இல் முங்கேர் மாவட்டத்தில் காவல்துறையினர் இருபது ஏ.கே. 47 துப்பாக்கிகள் வரை கைப்பற்றினார்கள். சிலவற்றைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள். ஜபல்பூரில் உள்ள ராணுவத்தின் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து, கழித்துவிட்டவை என்ற பெயரில், உள்ளிருந்தவர்களின் கை வழியாகவே அவை வெளியேறின என்று புலனாய்வு சொன்னது. பின்னர் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது. ஒரு கிணறு, ஒரு கயிறு, நாலு டார்ச் விளக்கு: இதைவிட மலிவான உச்சக் காட்சி எங்கே கிடைக்கும்?

ஓரிடத்தில் மட்டும் நான் கடுமையாகவே பேசிவிட்டேன். கர்கோன் பக்கத்துச் சிக்லிகர்கள் என்னும் சீக்கியர்கள் பரம்பரையாக ஆயுதம் வடித்துச் சாணை பிடித்து வந்தவர்கள். அவர்களில் சிலர் இந்தத் தொழிலில் பிடிபடுகிறார்கள். திரைக்கதையோ தலைப்பாகை கட்டிய ஒவ்வொருவரையும் கொலைகாரனாக்கியிருந்தது. ஸ்ரீராம்புரம் என்ற முகவரியைச் சொன்னதுமே ரவுடிப் பேட்டை என்று முகம் சுளித்து, தனக்கு வாடகை வீடு மறுக்கப்பட்ட கதையை அழாத குறையாக என்னிடம் சொன்னவர் இந்த நண்பர்தான். அதை நினைவூட்டினேன். சிறிது நேரம் பேசாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பக்கங்களின் மூலையை மடித்து வைத்தார்.

என் கண்ணுக்குத் திரைக்கதையின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அதில் வருபவர்கள் எல்லாரும் துப்பாக்கியையே துரத்துகிறார்கள். தோட்டா எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. துப்பாக்கியை ஒரு லேத்தும் தேர்ந்த கையும் செய்துவிடும். பித்தளை உறையும் அதன் அடியில் வெடிமூட்டியும் கொண்ட நம்பகமான தோட்டாவுக்குத் தொழிற்சாலை வேண்டும். புனே அருகே கட்கியிலும், ஜல்காவ் மாவட்டத்து வரண்காவிலும் இருப்பவை போன்ற அரசுத் தொழிற்சாலைகளில் பிறந்து, உரிமம் பெற்ற கடைக்குப் போய், உரிமக்காரரின் பெயரில் பதிவேட்டில் ஏறி விற்கப்பட வேண்டிய பொருள் அது. ஆகவே கள்ளச் சந்தைக்கு வரும் அத்தகைய தோட்டாவுக்குப் பின்னால் பல நேரங்களில் எங்கோ ஒரு பதிவேட்டில் பொய்க்கணக்கு இருக்கும். வில்லனைக் கறுப்புக் கண்ணாடிக்காரனாகக் காட்டாமல், மூக்குக் கண்ணாடியோடு பேரேடு எழுதும் கடைக் கணக்குப்பிள்ளையாகக் காட்டினால், கதையும் நிற்கும், செலவும் ஒரு மேசையோடு முடியும்.

பேசுவதும் தோட்டாதான். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி கைக்குக் கிடைக்காத நிலையிலேயே, அவரையும் 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் கொல்லப்பட்ட கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியையும் சுட்டது ஒரே 7.65 மி.மீ. நாட்டுக் கைத்துப்பாக்கி என்று மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் சொன்னது. இரண்டு உறைகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கம் பக்கமாக வைத்து, அடியில் விழுந்த ஊசித் தடத்தையும் உறை வெளியேறும்போது பட்ட கீறலையும் பொருத்திப் பார்ப்பார்கள். குழலுக்குள் திருகுவரி, அதாவது குண்டைச் சுழற்றும் பள்ளம், இல்லாத கட்டாவில் குண்டின் மேல் வரித்தடம் விழாது. அப்போது உறைதான் முக்கியச் சாட்சி. திரைக்கதையில் இந்தக் காட்சிக்கு இரண்டே வரிகள் ஒதுக்கி, கொலைக்கு முன் நடக்கும் பாட்டுக்கு மூன்று பக்கம் கொடுத்திருந்தார்.

சட்டப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காவல் ஆய்வாளர் பாத்திரம் எல்லாருக்கும் “அஞ்சு வருஷம்” என்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, சாதாரணத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பவனுக்கு 2 முதல் 5 ஆண்டுகள். கடத்தலில் ஈடுபட்டாலோ துணைபோனாலோ குறைந்தது 10 ஆண்டுகள், ஆயுள் வரையும் போகலாம். பேருந்தில் பொட்டலம் சுமந்து வரும் பையன் இந்த இரண்டில் எதற்குள் வருவான் என்பதில்தான் அவன் வாழ்க்கையே தொங்குகிறது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. அந்த ஒற்றைத் தாள் கோப்பில் இல்லை என்று எங்கள் வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது, எதிர்த்தரப்பில் கோப்பைப் புரட்டும் வேகமே தனி.

இரண்டு வாரங்கள் கழித்து இரவு பதினொரு மணிக்கு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். துறைமுகத்தை வெட்டிவிட்டாராம்; படம் இப்போது பேருந்தில் தொடங்குகிறதாம். கலை இயக்குநருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு சந்தேகம் கேட்டார்: “அண்ணா, அந்தப் பெட்டியில என்ன இனிப்பு இருந்துச்சு?”

மகஜரில் ‘காலி’ என்றுதான் எழுதியிருந்தது. இனிப்பைப் பையன் வழியிலேயே தின்றுவிட்டிருக்க வேண்டும்.